கோகிலவாணியின் அரியர் பேப்பர்

ஓலப்புதூரில் கோகிலவாணி படித்த பழைய இங்கிலீஷ் வார்த்தைகளில் முதன்முதலாக அவளை விட்டுப் போனது 'டாரி' என்பது. அது போய்ச் சேர்ந்த இடம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் மெஸ் நடத்தும் ராசாமணியின் வாய். காலையில் பால் காயும் நேரத்துக்குள் அந்த வார்த்தையை அர்த்தத்தோடு நெட்டுருப் போட்டுவிட்டு, குளித்து, சேலை கட்டி, பள்ளிக்கூட வேனுக்காக மெஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்ற கோகிலவாணி, பாதிச் சாப்பாட்டில் எழுந்த லாரி டிரைவர் ஒருவரிடம் ராசாமணி, "கொஞ்சம் டாரி பண்ணுங்ண்ணா, ரோஸ்ட் கல்லுல கெடக்குது" என்று சொல்வதைக் கேட்டாள். டிரைவரும் அதென்ன என்று கேட்காமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

கோகிலவாணிக்கு அந்த வார்த்தையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை.

"அக்கா, இப்ப டாரின்னு என்னமோ சொன்னீங்களே, அப்படின்னா என்னங்க்கா?"

ராசாமணி தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "இருன்னு சொன்னா அதட்டற மாதிரி இருக்குது. இருங்கன்னு சொன்னா கெஞ்சற மாதிரி இருக்குது. இது ரெண்டுமில்ல அம்மிணி. போக வேண்டியவங்க போகாம செத்த நேரம் நிக்கறது. காலைல எந்திரிச்சப்பவே வாயில இருந்துச்சு."

வேனில் ஏறி உட்கார்ந்து ஜெராக்ஸ் புத்தகத்தைத் திறந்தபோது, அந்தச் சொல்லின் அடியில் அவளே போட்ட பென்சில் கோடும், பக்கத்தில் அவளே எழுதிய அர்த்தமும் இருந்தன. பக்கத்து வீட்டுக் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஓலப்புதூர் லாரிக்கு பாடி கட்டும் ஊர். வெறும் சேசிஸாக, ஓட்டுகிறவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஓட்டிவரும் எலும்புக்கூடாக ஊருக்குள் நுழையும் வண்டி, பட்டறை பட்டறையாக மாறி, கேபினும் கதவும் பூவும் மயிலும் பெற்று லாரியாக வெளியே போகும். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கோகிலவாணி. அவள் புருஷன் மயில்சாமி ஒரு பட்டறையில் டிங்கரிங் வேலை பார்த்தான். அவள் பக்கத்திலிருந்த தனியார் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுத்தாள். பி.ஏ. இங்கிலீஷில் எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டவளுக்கு அமெரிக்க இலக்கியம் மட்டும் அரியராக நின்றது. கல்யாணத்துக்கு முன்பும் எழுதினாள், பின்பும் எழுதினாள், வயிற்றுப்பிள்ளை தங்காமல் போன வருஷம்கூட போய் எழுதிவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் கரையைத் தொடப்போகும் நேரத்தில் கால் வழுக்கியது.

அந்தப் பேப்பரில் அவளைக் கவிழ்த்தது முதல் பகுதி. கப்பலேறிப் போய் முன்பின் தெரியாத கரையில் இறங்கி, முதல் குளிரிலேயே பாதிப்பேரைப் புதைத்துவிட்டு, மீதிப்பேர் காடு வெட்டிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் எழுதி வைத்த நாட்குறிப்புகளும் பிரசங்கங்களும்தான் அந்தப் பகுதி. இன்றைக்கு யாரும் பேசாத வார்த்தைகள் அதில் வரிக்கு வரி முளைத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்கச் சொல்லித்தான் கேள்வித்தாளே தொடங்கும். பொங்கல் முடிந்ததும் பல்கலைக்கழகம், பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு வருகிற கோடைத் தேர்வே கடைசி வாய்ப்பு என்று அறிவித்தது. அதே வாரத்தில் பள்ளித் தாளாளரும் அவளைக் கூப்பிட்டு, "டிகிரி இல்லாத டீச்சரை அடுத்த வருசம் வெச்சுக்க முடியாதும்மா, ரூல்ஸ் மாறிப்போச்சு" என்று வருத்தப்படாத குரலில் சொன்னார். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் படிப்பது என்று கோகிலவாணி முடிவுசெய்தாள். அப்படி உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான் வார்த்தைகள் போகத் தொடங்கின.

'டாரி'யை அவள் அன்று சாயங்காலமே மறுபடியும் படித்தாள். மறுநாள் அது வெல்டர் ஒருவனிடம் இருந்தது. 'யாண்டர்' என்று ஒன்றைப் படித்தாள். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஜாபர் அண்ணன் அன்றைக்கு முடிக்க வேண்டிய வண்டியின் பின்பலகையில், தாமரைக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நடுவே அதை மஞ்சளில் எழுதி, கறுப்பில் நிழலும் கொடுத்துவிட்டார். என்ன அர்த்தம் என்று கேட்ட லாரி ஓனரிடம், "அதோ அங்கன்னு கையைக் காட்டறோமில்ல, அந்த விரல் முடியற எடத்துக்கும் இன்னும் கொஞ்சம் அக்கட்டால" என்றார். ஓனருக்கு அது பிடித்துப்போய், தன்னுடைய மற்ற வண்டிகளிலும் எழுதச் சொன்னார். அந்த மாதமே அந்தச் சொல் நாக்பூர் தாண்டிப் போய்விட்டு வந்தது. ஊர்ப் பள்ளித் தமிழையா மட்டும் அது யாண்டு, யாண்டும் என்ற நம் சொல்தான் என்றும், எப்போதோ கப்பலேறிப் போனது இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது என்றும் டீக்கடையில் நிறுவினார். ஊரில் அதை யாரும் மறுக்கவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகப் போயின. ஒருவருக்கு ஒரு வார்த்தைதான் போனது, யாருக்கும் இரண்டாவது போகவில்லை. கையை ஓங்கியபின் அடிக்காமல் இறக்கிக்கொள்ளும் பொறுமைக்கு உண்டான 'ஃபர்பேர்' மயில்சாமியின் பட்டறை முதலாளிக்குப் போனது. அன்றிலிருந்து அவர் ஸ்பேனரை எறியும் வழக்கத்தை விட்டு, எறியப்போன கையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒருவேளை என்று பொருள்படும் 'பெர்ச்சான்ஸ்' பஸ் நிலைய டைம்கீப்பருக்குப் போனது. "பெர்ச்சான்ஸ் நாலு மணிக்கு வரும்" என்று அவர் சொன்னால், அந்த பஸ்ஸை நம்பி இருக்கவும் வேண்டாம், விட்டுப் போகவும் வேண்டாம் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். சீக்கிரம் என்றுதான் பொருள், ஆனால் எப்போது என்று கேட்கக்கூடாத 'அனான்' லைன்மேனுக்குப் போனது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் அவர் "அனான்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுக் கம்பத்தில் ஏறினார், அவர்களும் விசிறியோடு வீட்டுக்குப் போனார்கள். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரில் தம்பிக்கு 'பிட்விக்ஸ்ட்' போனது. அவன் ஒரு நாள் வரப்பின்மேல் நின்றுகொண்டு, "அண்ணா, இது உன்றதுமில்ல என்றதுமில்ல, பிட்விக்ஸ்ட்" என்றான். அப்படியொரு நிலம் இருக்க முடியும் என்பது அதுவரை இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அண்ணன், அப்படியானால் அதில் ஒரு முருங்கை வைக்கலாம் என்றார்.

ஊர் இதற்காக ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. மழை வந்தால் துணியை எடுப்பது மாதிரி, வார்த்தை வந்தால் என்ன செய்வது என்று பழகிக்கொண்டது. வார்த்தை வந்தவர் அன்றைக்கு மெஸ்ஸில் நான்கு பேருக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்று ஆனது. பெண் பார்க்கப் போகிறவர்கள் குலம், கோத்திரம் விசாரிப்பதோடு, பெண்ணுக்கு வார்த்தை வந்துவிட்டதா, என்ன வார்த்தை என்றும் கேட்டார்கள். இதெல்லாம் கோகிலவாணியின் அரியரில் இருந்து வருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அவளைக் கண்டால், "டீச்சர், இன்னைக்கு எத்தன பக்கம்?" என்று குழாயடியில் விசாரித்தார்கள்.

அவள் தலையில் மட்டும் ஒன்றும் இல்லை. காலையில் படித்தால் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் போனது; மத்தியானம் படித்தால் சாயங்கால பெல்லுக்குள் போனது. நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துப் பார்த்தாள், அது கண்டக்டரிடம் தாவி, அவரோடேயே சேலம் போய்விட்டது. காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்று கண்டுபிடித்தாள்: அர்த்தம் புரியாமல் வெறும் சத்தமாக மனப்பாடம் செய்த வார்த்தை போகவில்லை. புரிந்த கணத்தில்தான் போனது. அப்படியானால் கைடு வாங்கி எதையும் புரிந்துகொள்ளாமல் கடம் அடித்துவிடலாம் என்று தொடங்கினாள். ஆனால் ஊரே அந்த வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தது. லைன்மேன் முகத்தைப் பார்த்தாலே 'அனான்' புரிந்தது, புரிந்ததும் போனது. புரியாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள். பிறகு அவளே எழுந்து போய் எடுத்து, மடங்கிப்போன பக்கங்களைப் பிரித்தாள்.

இதற்கு நடுவில் பொரிகடை குப்புசாமியின் மனைவி பாவாயி ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா டீச்சரு, ஊருக்கெல்லாம் நல்ல நல்ல வார்த்தையா குடுத்துப்போட்டு, என்ற ஊட்டுக்காரருக்கு மட்டும் ஏன் இப்படி ஒண்ணக் குடுத்த?"

"என்ன வந்துச்சுங்க அவருக்கு?"

"ரெட்ச்சாம். ஈனப்பொறவி, எரக்கப்பட வேண்டிய ஜென்மம்னு அர்த்தமாம், அவரே சொல்றாரு. பொரி வறுக்கறப்பவும் அதத்தான் சொல்லிக்கிறாரு. ராத்திரி சோறு எறங்கமாட்டேங்குது. அத எடுத்துக்கிட்டு வேற ஒண்ணக் குடு."

"நானாக் குடுக்கறதில்லீங்க. அதுவாப் போகுது. எடுக்கவும் எனக்குத் தெரியாது."

"படிக்கறது நீதான? பாத்துப் படிக்க வேண்டியதுதான?" என்றாள் பாவாயி.

கோகிலவாணி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். படிக்கிறவள் தான், பரீட்சை தனக்கு, வேலை போகப்போவது தனக்கு, ஆனால் வார்த்தை வந்தவர்களும் வராதவர்களும் பிடிக்காத வார்த்தை வந்தவர்களும் தன்னிடம் வந்து நிற்கிறார்கள் என்று நினைத்தாள். "அவருகிட்ட நான் மன்னாப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். பாவாயிக்கு அது போதவில்லை. இருந்தாலும் குடித்த மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்த வாரமே மயில்சாமிக்கும் வந்தது, கூடவே நின்று தோள்கொடுக்கும் துணைவியைக் குறிக்கும் சொல். பட்டறை முதலாளி வீட்டுப் புதுமனை புகுவிழாவில், திருப்பூரிலிருந்து வந்த ஒருவருக்கு அவளைக் காட்டி, "இது என்ற ஹெல்ப்மீட்டுங்க" என்று அவன் சொன்னபோது, கோகிலவாணி பந்தியில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் பின்னால் அவன்மேல் படாமல் உட்கார்ந்து வந்தாள்.

"என்ன புள்ள, கோவமா?"

"அது நான் காலைல படிச்ச வார்த்தை. கட்டாயம் கேக்கற கேள்வி. உங்களுக்கு எதுக்குங்க அது?"

"நானா எடுத்தேன்? சட்டத்துக்கு ரிவிட் அடிச்சிட்டிருந்தேன், வந்துச்சு."

"வேற யாருகிட்டயாவது போயிருக்கலாமில்ல?"

"போயிருக்கலாம்" என்றான் மயில்சாமி. மேடு ஏறக் கியரை மாற்றினான். பிறகு, "விட்டுரு கோகிலா. இந்த டிகிரி இல்லீன்னா நமக்கு என்ன கொறஞ்சு போச்சு? இத்தன வருசம் மல்லுக்கட்டியாச்சு" என்றான்.

"ஒண்ணே ஒண்ணு என்கிட்ட நின்னா விட்டுர்றேன். படிச்சதுல ஒண்ணு. ஒண்ணுகூட நிக்காம எப்படிங்க விடறது?"

அவள் அழுகிறாளோ என்று அவன் கண்ணாடியில் பார்த்தான். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி சொன்னவள் ராசாமணி. மெஸ்ஸில் கூட்டம் ஓய்ந்த மத்தியானத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தருக்கு ஒண்ணுதான போகுது? அப்ப ஊர்ல அத்தன பேருத்துக்கும் குடுத்து முடிச்சுரு அம்மிணி. எல்லா ஊடும் நெறஞ்சு போச்சுன்னா, அப்பறம் அது எங்க போகும்? போக எடமில்லாம உன்கிட்டயே வந்து உழுகும்."

இதைப் பஞ்சாயத்துத் தலைவர் ஏற்றுக்கொண்டார். போலியோ சொட்டு மருந்துக்குச் சொல்வதுபோல ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். கோகிலவாணி பள்ளி விட்டதும் மாரியம்மன் கோயில் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தாள். வார்த்தை வராதவர்கள் எதிரில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அகராதியைப் பார்ப்பாள், வாக்கியத்தைப் பார்ப்பாள், புரியாமல் நெற்றியைத் தேய்ப்பாள், புரிந்ததும் முகம் தெளிவாள். அந்தத் தெளிவு ஒரு விநாடி இருக்கும். உடனே எதிரில் யாராவது ஒருவர், "எனக்கு வந்துருச்சு" என்று சொல்லி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார். அவள் மறுபடியும் அதே பக்கத்தை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பாள். மாசியும் பங்குனியும் இப்படியே போயின. ஒவ்வொரு நாளும் முழுக்கப் படித்து, ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு எழுந்தாள். ஆயுள் முழுவதும் உலை வைத்து ஒரு கவளமும் உண்ணாதவள்போல இளைத்துப்போனாள். அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் போனது, தவழ்கிற குழந்தைகளுக்கும் போனது; ஒரு குழந்தை அம்மா என்பதற்கு முன்பே 'வோ' என்றது, அது பெருந்துயரத்தைக் குறிக்கும் சொல் என்பதால் ஆத்தா அதன் கையில் வேப்பிலை கட்டினாள். வெளியூர் டிரைவர்கள் வந்து வார்த்தையை அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்று ராசாமணி அந்த நாட்களில் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் சமைத்தாள். சேசிஸ் கொண்டுவருகிறவர்களை எல்லையிலேயே நிறுத்தி, வண்டியை மட்டும் உள்ளே ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில், 'சோஜர்ன்' என்றால் ஓரிடத்தில் கொஞ்ச காலம் தங்குவது என்று படித்துவிட்டு, கோகிலவாணி பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்தபோது அது இருந்தது. குளித்தாள், இருந்தது. வேனுக்கு நிற்கும்போது யாரிடமும் பேசாமல், நிறைகுடத்தைச் சுமப்பதுபோல் தலையை ஆட்டாமல் நின்றாள். இருந்தது. தெருவில் போன லைன்மேனைப் பார்த்தாள், ஜாபர் அண்ணனைப் பார்த்தாள், எல்லோரும் நிறைந்திருந்தார்கள். அவள் மெஸ்ஸுக்குள் போய் ராசாமணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராசாமணிக்குப் புரிந்தது. அதன்பிறகு படித்ததெல்லாம் நின்றது. தேர்வுக்கு முந்தின நாளுக்குள் முழுப் பகுதியும், நாட்குறிப்புகளும் பிரசங்கங்களும், கப்பலும் குளிரும் அத்தனை வார்த்தைகளும் அவளிடம் இருந்தன.

தேர்வு நாமக்கல்லில், ஒரு கல்லூரியில். மயில்சாமி வண்டியில் கொண்டுபோய் விட்டான். கேள்வித்தாள் வந்தது. எல்லாம் படித்ததுதான். முதல் சொல்லுக்குப் பொருள் எழுதினாள், வாக்கியத்தில் அமைத்தாள். இரண்டாவதற்குப் பேனாவை எடுத்தபோது, சட்டையில் பித்தான் அறுந்து விழுவதுபோல் உள்ளே ஏதோ சன்னமாக விழுந்தது. முன் பெஞ்சில் அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த, நரைமீசை வைத்த ஒரு ஆள், திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

ஊரில் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. ராசாமணி யோசிக்கவில்லை, பஞ்சாயத்துத் தலைவர் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. ஓலப்புதூர்தான் நிறைந்திருந்தது. இந்த ஹால் முழுக்க, எத்தனையோ ஊர்களிலிருந்து வந்த, ஒரு வார்த்தையும் இல்லாத அரியர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கோகிலவாணி எழுந்து நின்றாள். மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா?"

"சார், என்னைத் தனியா ஒரு ரூம்ல உக்கார வெக்க முடியுங்களா?"

"எதுக்கு? உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க சார். இங்க எல்லாரும் காலியா இருக்கறாங்க."

"எல்லாரும் காலியாத்தாம்மா வருவாங்க, அரியர் எக்ஸாம் இது" என்றார் அவர். "உக்காந்து எழுதும்மா. நேரம் போகுது."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மாசியிலிருந்து மைதானத்தில் வாய் வறளப் படித்தவை ஒவ்வொன்றாகத் தன்னிடமிருந்து கழன்று, பெஞ்சு பெஞ்சாகப் போய், நிறைமாதக்காரி ஒருத்தியின் பேனாவிலும், கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்திருந்த பையனின் பேனாவிலும், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவனின் பேனாவிலும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வித்தாளில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு வெறும் எழுத்தாகின. ஹால் முழுக்கப் பேனா ஓடும் சத்தம் மழைச் சத்தம்போல் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்கும் முதல் அரைமணிக்குள் வெளியே விடமாட்டார்கள் என்று ஒரு விதி இருந்தது.

கட்டுரைக் கேள்விக்கு ஒரு பழைய நாட்குறிப்பிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்திருந்தார்கள். அதில் 'வெக்ஸேஷன்' என்று ஒரு சொல். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததும் அது கழன்று போவதையும் உணர்ந்தாள். போகட்டும் என்று இருந்தாள். அது நரைமீசைக்காரரிடம் போனது, நிற்கவில்லை. நிறைமாதக்காரியிடம் போனது, நிற்கவில்லை. பெஞ்சு பெஞ்சாக, வரிசை வரிசையாக, கதவோரம் நின்ற மேற்பார்வையாளர் வரைக்கும் போய், திரும்பி வந்து அவளிடமே விழுந்தது. அங்கே இருந்த ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. வெக்ஸ் ஆகுதுப்பா, வெக்ஸ் ஆயிட்டேன் என்று தினமும் சொல்லிச் சொல்லி, யாரும் கொடுக்காமலே எல்லோரிடமும் அது முன்பே இருந்தது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கோகிலவாணி எழுதினாள். கப்பலைவிட்டு இறங்கியவர்கள் விதைத்தார்கள், முளைக்கவில்லை; ஜெபித்தார்கள், காய்ச்சல் நிற்கவில்லை; செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள், குளிர் வந்தது. அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது, துக்கத்துக்கு அழுது முடிக்க ஒரு நாள் உண்டு. கோபம் என்றும் சொல்ல முடியாது, கோபத்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலையில் அதே மண்வெட்டியை எடுப்பவர்களுக்கு இருப்பது இதுதான் என்று எழுதினாள். எளிய இங்கிலீஷில், ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல எழுதினாள். அடிஷனல் ஷீட் கேட்டு வாங்கினாள், மறுபடியும் வாங்கினாள். மணி அடித்தபோது விரல் நீட்ட வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நிறைமாதக்காரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்படியோ எழுதிட்டேங்க்கா. ஒண்ணுமே படிக்கல. அந்த ஒத்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, அதப் புடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் எழுதிட்டேன்" என்றாள்.

கோகிலவாணி தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தாள். "எங்கிருந்தோ வந்துச்சு" என்றாள்.

முடிவு வரும்வரை அவள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. ஊரில் யாராவது அந்த வார்த்தைகளைப் பேசினால் எழுந்து வேறு பக்கம் போனாள். இப்போது அவளுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மனசில்லை. ஊரும் அவளிடம் பேசும்போது பார்த்துப் பேசியது. தன்னிடம் வந்ததைக் காட்டிக்கொள்வது, சாவு வீட்டில் நகை போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவர்களுக்கு.

ஆடி மாதத்தில் முடிவு வந்தது. அந்த ஹாலில் எழுதிய எல்லோரும் பாஸ். கோகிலவாணியும் பாஸ், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. பொருள் கேட்ட கேள்வியில் முதல் சொல்லைத் தவிர ஒன்றுமில்லாமல், கட்டுரை ஒன்றே அவளை இழுத்துக் கரையில் போட்டிருந்தது. தாளாளர் அவளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார், இதிலும் வருத்தமோ சந்தோஷமோ இல்லாத அதே குரலில்.

சாயங்காலம் வேனைவிட்டு அவள் இறங்கும்போது மெஸ்ஸுக்கு முன்னால் ஊரே நின்றிருந்தது. பட்டறைகளில் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் எச்சரிக்கை மறந்துபோய், ஒவ்வொருவரும் தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்து அவளை வாழ்த்தினார்கள். இங்கிலீஷும் கொங்குத் தமிழும் கலந்து, அத்தனை வார்த்தைகளும் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்தன. அவள் நடுவில் நின்றாள். ஒன்றும் விளங்கவில்லை. பட்டம் வாங்கிய பாஷையில் ஊர் பேசுகிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மயில்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"என்னங்க சொல்றாங்க எல்லாரும்?"

"நல்லாத்தான் சொல்றாங்க."

"நல்லாத்தான்னா? என்னன்னு சொல்லுங்க."

"வேண்டாம் புள்ள. அர்த்தம் தெரிஞ்சா மறுபடியும் போயிரும். மறுபடியும் மொதல்ல இருந்து கஷ்டப்படுவ."

"எங்க போகும்? எல்லாருக்கும்தான் குடுத்தாச்சே" என்றாள் கோகிலவாணி. அவள் குரலில் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. மெஸ்ஸின் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து ரோட்டோரத்தில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள். "மெதுவாச் சொல்லுங்க. எனக்குப் புரியற வரைக்கும் சொல்லணும்."